அப்பா சேர்த்த அரை இஞ்சு

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

இங்கே உன் அப்பாவின் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, எனக்கு ஒரு கை நீங்கலாக மற்றதெல்லாம் சுகம், அங்கே நீயும் மருமகளும் குழந்தையும் எதுவும் நீங்கலாக இல்லாமல் முழுசாகச் சுகமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவைத் திறந்தேன். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், நீ கார் ஓட்டிக்கொண்டே பேசுவாய், முக்கியமான இடம் வரும்போது "அம்மா, சரியா கேக்கல, அப்புறம் கூப்பிடறேன்" என்பாய். கடிதத்தில் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது அல்லவா, அதற்காகத்தான் எழுதுகிறேன். விட்டு விட்டு எழுதுவதால் கையெழுத்து அங்கங்கே படுத்துக்கொள்ளும், பொறுத்துக்கொண்டு படி. மாடியில் குடியிருக்கும் கணக்கு ஆசிரியரின் மருமகன் நாளை உங்கள் ஊருக்குத் திரும்புகிறார், அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். நல்ல மனிதர், வாசலில் நிற்க வைத்துப் பேசி அனுப்பிவிடாதே.

வீட்டில் பெரிய விசேஷம் எதுவும் இல்லை. சமையலறைக் கூரை மறுபடி ஒழுகுகிறது, போன தடவை பூசிய கொத்தனார் அந்த ஒழுகல் வேறு இந்த ஒழுகல் வேறு என்கிறார், நாங்களும் அடியில் வாளியை வைத்துவிட்டு அவர் சொல்வதை ஒப்புக்கொண்டோம். உன் அத்தைக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது, ஆனாலும் இரண்டு தெரு தாண்டி தினமும் வந்து என் கையைப் பார்த்துவிட்டுப் போகிறாள். பார்ப்பதோடு சரி. "வீக்கம்தானே அண்ணி, எனக்குக் காலு வீங்கலையா, நான் யார்கிட்டயாவது சொன்னேனா" என்று எல்லாரிடமும் சொல்கிறாள். நீ அனுப்பிய குழந்தையின் படத்தைத் தையல் கடையில் கண்ணாடிக்கு மேலே மாட்டியிருக்கிறார் உன் அப்பா. துணி கொடுக்க வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும், வேறு வழியில்லை.

இனி கைக்கு வருகிறேன். எனக்கு ஒன்று இப்போதெல்லாம் சிரிப்பாக வருகிறது, நல்ல சிரிப்பு இல்லை. மார்பில் கட்டி என்று தெரிந்தபோது இந்த வீட்டில் ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை. நீ அதை "அந்த ஆபரேஷன்" என்றே சொல்லி முடித்தாய், உன் அப்பா "அவளுக்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சு" என்று சொன்னார், உன் அத்தை தரையைப் பார்த்தாள். மார்பை எடுத்தார்கள், அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டி முளைத்தது, அத்தனைக்கும் எல்லாரும் மௌன விரதம். அப்புறம் கை வீங்கியதுதான் தாமதம், அனைவருக்கும் பேச்சு வந்துவிட்டது. கை என்றால் கேட்கலாம், பார்க்கலாம், தொட்டுக்கூடப் பார்க்கலாம், யாருக்கும் கூச்சம் இல்லை. நெறிக்கட்டிகளை எடுத்துவிட்டதால் கையில் ஊறுகிற நீர் வடிய வழியில்லாமல் தேங்குகிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை நான் ஒரு தடவை சொன்னேன், அதைத் தெருவே நூறு விதமாகச் சொல்லிக்கொண்டது. கையை உயரமாக வைத்துத் தூங்கு என்றார்கள், விடை தெரிந்த பிள்ளை வகுப்பில் கை தூக்குவது போல நானும் ராத்திரி பூராவும் தூக்கிக்கொண்டு கிடந்தேன். விடை மட்டும் தெரியவில்லை.

கடிகார வார் கடைசி ஓட்டைக்கும் எட்டாமல் போனபோது உனக்குச் சொன்னேன். இங்கே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்து அறையில் ஒரு பிசியோ பெண் இதற்கென்றே இருக்கிறாள், முதலில் கட்டுப் போட்டு வீக்கத்தை இறக்கிவிட்டு, அப்புறம் கம்ப்ரஷன் ஸ்லீவ் என்று கையில் மாட்டிக்கொள்ளும் இறுக்கமான உறை ஒன்றை அளவெடுத்துக் கொடுப்பாளாம் என்றும் சொன்னேன். நீதான் அதெல்லாம் வேண்டாம் என்றாய். "அங்க குடுக்கறது எல்லாம் கோணிப்பை மாதிரி இருக்கும்மா, இங்க ஒரு கம்பெனி அளவு குடுத்தா அந்தக் கைக்குன்னே நெய்து தருவாங்க, நான் அனுப்பறேன்" என்றாய். உன் ஆசையை நான் குறை சொல்லவில்லை. அளவெடுக்கிற விதத்தைப் படமாகப் போட்ட தாளை உன் அப்பா போனுக்கு அனுப்பினாய். படத்துக்கு அடியில் பொடி எழுத்தில் இங்கிலீஷில் என்னென்னவோ இருந்தது, உன் அப்பா அதையெல்லாம் படிக்கவில்லை. கையும் குறுக்கே கோடுகளும் இருந்தால் அவருக்குப் போதாதா, வாழ்நாளெல்லாம் பெண்களுக்குத் துணி தைத்தவர், கையை அளக்க அவருக்கு யார் சொல்லித்தர வேண்டும். கடையைச் சாத்திவிட்டு வந்த சாயங்காலம், விளக்கடியில் என்னை நிற்க வைத்து, கழுத்தில் கிடந்த டேப்பை உருவி, நான் போட்டிருந்த சட்டைக் கைக்கு மேலேயே சுற்றி அளந்தார். மணிக்கட்டு, முழங்கை, மேல்கை என்று அளக்க அளக்க, ஒவ்வொன்றுக்கும் அரை இஞ்சு லூஸ் சேர்த்தார். நீளத்துக்கு மடிப்புக்கென்று கொஞ்சம் விட்டார். கை தூக்க வசதி வேண்டும், துவைத்தால் சுருங்கும், அதுதான் அவர் கணக்கு, அவர் கடையில் இருந்து இறுக்குகிறது என்று ஒரு சட்டை திரும்பி வந்ததில்லை. அவர் வேலை அப்படி. இந்த ஸ்லீவுக்கோ வெறும் தோலில், காலையில் எழுந்ததும், வீக்கம் வடிந்திருக்கும்போது அளக்க வேண்டுமாம், சேர்க்கவே கூடாதாம், இறுக்குவதுதான் அதற்கு வேலையாம். இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது.

பார்சல் வந்தது. தோல் நிறத்தில் அழகாகத்தான் இருந்தது, உன் அப்பா துணியைத் தடவிப் பார்த்து "நெசவுன்னா இது நெசவு" என்று பக்கத்துக் கடைக்காரருக்கெல்லாம் காட்டினார். போட்டுக்கொண்டால் காலையில் தோளுக்குக் கீழே இருக்கும், மத்தியானம் முழங்கைக்கு வந்துவிடும், அங்கே மடிப்பு மடிப்பாகத் திரண்டு கயிறு போலக் கவ்வும், மிச்ச நீளம் மணிக்கட்டில் தொங்கும். உன்னிடம் கேட்டதற்குப் பழகப் பழகச் சரியாகிவிடும் என்றாய். உன் அப்பாவுக்கு அது நழுவுவதைக் காணப் பொறுக்கவில்லை. அவர் தைத்த துணி என்றால் அவர் விடுவாரா, இதையும் விடவில்லை. குழந்தைகளின் கவுனுக்குக் கையில் வைப்பாரே அந்த எலாஸ்டிக்கில் ஒரு துண்டை எடுத்து மேல் விளிம்பில் வைத்து, தெரியாத தையலாகத் தைத்துக் கொண்டுவந்தார். போட்டு விட்டதும் நழுவவில்லை, இம்மிகூட அசையவில்லை. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அந்த ஆபரேஷனுக்குப் பிறகு என் உடம்புக்கென்று அவர் ஒன்று செய்தது அதுதான் முதல் தடவை. மேலே கடித்தது எனக்குத் தெரியாமல் இல்லை, விரல்கள் தடித்து மோதிரம் புதைந்ததும் தெரியாமல் இல்லை, வசதியாக இருக்கிறதா என்று கேட்டபோது இருக்கிறது என்று சொன்னேன். அதில் எனக்கும் பங்கு உண்டு, எழுதி வைத்துக்கொள்.

அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். மேலே இறுக்கியதால் கீழே தேங்கி, புறங்கை ரப்பர் கையுறையில் காற்று ஊதியது மாதிரி ஆகி, விரலிடுக்கில் தோல் வெடித்து, அது வழியாகக் கிருமி போய், கை செக்கச் சிவந்து கொதித்து, குளிர் நடுக்கத்தோடு என்னை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வீங்கிய வலது கையில் ஊசி குத்தக் கூடாது என்பதால் இடது கையில் மருந்து ஏற்றினார்கள், ஆக இரண்டு கையும் போயிற்று, உன் அப்பாதான் கரண்டியால் ஊட்டினார். ஊட்டும்போது கரண்டியைத்தான் பார்ப்பாரே தவிர என்னைப் பார்க்கமாட்டார். அந்த நேரத்தில்தான் உன் போன் வந்தது. நர்ஸிடம் விவரம் கேட்டுத் தெரிந்துகொண்டாய், அப்புறம் அப்பாவிடம் கொடுக்கச் சொன்னாய். நீ பேசியது கட்டிலில் கிடந்த எனக்கு ஒரு எழுத்து விடாமல் கேட்டது. "உங்கள யாருப்பா அதுல கை வெக்கச் சொன்னா? கிழிஞ்ச பாவாடைன்னு நெனச்சீங்களா? அம்மா கைய கெடுத்ததே நீங்கதான்" என்றாய். அவர் "ஆமாப்பா" என்றார். போனை என் காதில் வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனவர் வெகுநேரம் கழித்துத்தான் வந்தார், சொம்பு காலியாகவே இருந்தது.

நான் வீட்டுக்கு வந்த பிறகு கடையைத் திறந்தார், ஆனால் பெண்களுக்கு அளவெடுப்பதை விட்டுவிட்டார். யார் துணி கொண்டுவந்தாலும் கண் சரியில்லை, வேறு இடம் பாருங்கள் என்று அனுப்பிவிடுகிறார். ஜன்னல் திரைச்சீலையும் தலையணை உறையும் மட்டும் தைக்கிறார். ஜன்னலுக்கு வலிக்காது, தலையணை கோபித்துக்கொள்ளாது. தெருமுனை வீட்டுப் பெண், சின்ன வயதிலிருந்து அவரிடமே தைத்துப் போட்டவள், கல்யாணத்துக்குத் துணி எடுத்துவந்து கெஞ்சினாள், அவளையும் அனுப்பிவிட்டார். டேப் கழுத்தில் இல்லாமல் அவரைப் பார்க்க எனக்கு யாரோ மாதிரி இருக்கிறது.

காய்ச்சலும் புண்ணும் ஆறியதும் அந்த பிசியோ பெண்ணிடமே போனோம், முதலில் போயிருக்க வேண்டிய அதே அறைக்கு. அவள் வெடுக்கென்று பேசுகிறவள், ஸ்லீவையும் எலாஸ்டிக்கையும் பார்த்துவிட்டு என்னை நன்றாகவே திட்டினாள், வராந்தாவிலேயே நின்றுவிட்ட உன் அப்பாவுக்கும் கேட்டிருக்கும். அப்புறம் கையைப் பிடித்து அங்கங்கே அழுத்திப் பார்த்தாள். முன்பெல்லாம் அழுத்தினால் குழி விழுந்து மெதுவாக மேலே வரும், இப்போது குழி விழுவதில்லை, நான் அதைக் குணமாகிறது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். கெட்டியாகிறதாம். முழுக்கக் கெட்டியாகிவிட்டால் அப்புறம் எந்தக் கட்டும் எந்த ஸ்லீவும் இறக்காதாம், இந்தக் கை இப்படியே நின்றுவிடுமாம். வருகிற மாதம் முதல் வாரத்திலேயே கட்ட ஆரம்பிக்க வேண்டும் என்றாள். விரல் விரலாகத் தொடங்கி, பஞ்சும் பட்டையும் அடுக்கடுக்காகத் தோள் வரைக்கும், கீழே இறுக்கம் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் சுற்ற வேண்டும், தினமும் அவிழ்த்துக் கழுவிக் களிம்பு தடவி மறுபடி சுற்ற வேண்டும், வாரக்கணக்கில். அவளிடம் ஆள் வரிசை நீளம், முதல் சில நாள் சுற்றிக் காட்டுவாள், அப்புறம் வீட்டிலிருந்து ஒருவர் கற்றுக்கொண்டு செய்ய வேண்டும். உன் அப்பா தையல்காரர் என்று தெரிந்ததும் அவளுக்கே முகம் மலர்ந்தது. "அப்புறம் என்ன, இழுவை எவ்வளவுன்னு விரலே சொல்லுமே, அவரையே கூட்டிட்டு வாங்க" என்றாள். வராந்தாவில் நின்றவரைக் கூப்பிட்டேன். வாசற்படி தாண்டவில்லை. அங்கிருந்தே, "என் கை வேணாம்மா, என் கைதான் அதக் கெடுத்துச்சு, என் பையனே சொல்லிட்டான்" என்றார்.

வேறு ஆள் தேடாமல் இல்லை. நானே இடது கையால் சுற்றிப் பழகிப் பார்த்தேன், பட்டையின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, முழங்கையைத் தாண்டுவதற்குள் கீழே அவிழ்ந்துவிடுகிறது. உன் அத்தையைக் கேட்டேன், பார்சல் கட்டுவது போலக் கட்டினாள், விரல் நீலம் பாரித்தது, அவிழ்க்கச் சொன்னதற்குக் கோபித்துக்கொண்டு போனாள், மறுநாள் வழக்கம்போல வந்து பார்த்துவிட்டும் போனாள். மாடி வீட்டு அம்மாவைக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை, தோள் வரைக்கும் கட்ட வேண்டும் என்றால் சட்டையைக் கழற்ற வேண்டும், தழும்பைக் காட்ட வேண்டும். உன் அப்பாவுக்கே நான் அதைக் காட்டியதில்லை, அவரும் கேட்டதில்லை, நான் உடை மாற்றும்போது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். ஊரிலுள்ள பெண்களுக்கெல்லாம் அளவெடுத்த மனிதர். எனக்கு அவர்மேல் கோபம் இல்லை என்று நினைக்காதே, நிறைய இருக்கிறது, எலாஸ்டிக்கைவிடப் பெரிய கோபம் அது. ஆனால் அது எனக்கும் அவருக்கும் உள்ள வழக்கு, அதில் நீ வக்கீலாக வர வேண்டாம்.

உனக்கும் எனக்கும் உள்ள வழக்கு வேறு. அளவெடுத்த அந்தச் சாயங்காலம் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்திருந்தோம், அவர் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்ததால். நீ எங்கேயோ போகிற அவசரத்தில் இருந்தாய், வண்டிச் சத்தம் கேட்டது, "நம்பர மட்டும் சொல்லுங்கப்பா" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் போட்டுக்கொண்டாய். எல்லாம் முடிந்த பிறகு உன் அப்பா போன் பக்கம் குனிந்து, "தம்பி, எல்லாத்துலயும் அரை இஞ்சு லூஸ் சேத்துதான் சொல்லியிருக்கேன், கம்பெனிக்காரங்க வேற தனியா சேக்கப் போறாங்க, சொல்லிடு" என்றார். நீ "சரிப்பா, சரிப்பா" என்றாய். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை சரிப்பா என்றாய். படத்துக்கு அடியில் இருந்த பொடி எழுத்து அவருக்கு வாசிக்க வராது, உனக்கு வரும். உன் சரிப்பாவை நம்பித்தான் அவர் டேப்பைச் சுருட்டி வைத்தார். ஆஸ்பத்திரியில் நீ அவரைப் பேசிய அன்றைக்கு அவர் இதைச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை, இன்றைக்கு வரைக்கும் என்னிடம்கூடச் சொல்லவில்லை. மறந்துவிட்டார் என்று நினைக்காதே, வாடிக்கைக்காரர் பத்து வருஷத்துக்கு முன் சொன்ன கழுத்து அளவைக்கூட மறக்காதவர். பிள்ளைமேல் பழி போக வேண்டாம் என்று தானே சுமக்கிறார். அவர் சுமப்பார், எனக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, ஏனென்றால் அவர் சுமக்கிறதில் என் கையும் சேர்ந்து போகிறது.

நீ உடனே வரப்போவதாகச் சொல்லாதே, லீவு இல்லை என்று எனக்குத் தெரியும், வருஷக் கடைசியில் வந்து கெட்டியான கையைப் பார்த்து என்ன செய்யப்போகிறாய். இன்னொரு ஸ்லீவும் அனுப்பாதே. செய்ய வேண்டியது ஒன்றுதான். உன் அப்பாவைக் கூப்பிடு, என்னை இல்லை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கூப்பிடு. "நீங்க லூஸ் சேத்தேன்னு சொன்னீங்கப்பா, நான்தான் காதுல வாங்கல" என்று சொல். மன்னிப்பெல்லாம் கேட்கச் சொல்லவில்லை, அவருக்கு அது பிடிக்காது, பயந்துபோய்ப் போனை வைத்துவிடுவார். நடந்ததை நடந்தபடி சொல், போதும். அதற்கு மேல் அம்மாவுக்கு நீங்களே கட்டுங்கப்பா என்று நீ சொன்னால் அவர் வாசற்படி தாண்டுவார் என்று நினைக்கிறேன். மார்பைப் பார்த்து அவர் பயந்தால் அதை நான் பார்த்துக்கொள்கிறேன். இதைச் சொல்ல உனக்கு மனசு வராவிட்டால் ஒன்று மட்டும் செய், கை எப்படி இருக்கிறது என்று கேட்டு எனக்கு இனிமேல் போன் செய்யாதே. கேட்கிறவர்கள் இங்கே தெரு முழுக்க இருக்கிறார்கள், கட்டுகிறவர்தான் இல்லை.

கோபமாக எழுதினாலும் ஆசீர்வாதத்தில் குறை வைக்கவில்லை. நீ நன்றாக இருக்க வேண்டும், மருமகள் நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும், குழந்தை நோய்நொடி இல்லாமல் வளர வேண்டும், உன் தொழில் மேன்மேலும் ஓங்க வேண்டும். கடைப் போன் எண் பழையதுதான். மத்தியானம் சாப்பாடு முடிந்து அவர் தனியாக உட்கார்ந்திருப்பார், அப்போது கூப்பிடு. உன் எண்ணைப் பார்த்தால் முதல் தடவை எடுக்கமாட்டார். நீ விடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா